முக்கால்வாசியில் நின்ற தையல் வேலைகளை முடித்த கதை

அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்த மாதம் நான் வெட்ட ஆரம்பித்த குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), அந்தக் குழந்தைக்கு நாலு வயது ஆனபோதுதான் முடிந்தது. நடுவில் அதை நான் மறந்தெல்லாம் போகவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பை கண்ணில் படும், மனசு கனக்கும், மூடிவிடுவேன். இப்படியே போனால் சரிவராது என்று ஒரு நாள் அலமாரியில் இருந்த எல்லாப் பைகளையும் தரையில் கொட்டினேன். மொத்தம் 11 வேலைகள் பாதியில் கிடந்தன. அக்கா மகளின் குவில்ட், அப்பாவின் சட்டைகளை வைத்து அம்மாவுக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன போர்வை, பையனுக்கு ஒரு கால்சட்டை, எனக்கே ஒரு பாவாடை, மெத்தை உறைகள், காஜா (பட்டன் துளை) எடுக்காமல் நின்ற இரண்டு சட்டைகள், இன்னும் சில.

அன்றைக்கு ஒரு தையல்கூடப் போடவில்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு எழுதி ஊக்கால் குத்தி வைத்தேன். யாருக்கு, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை என்ன, அதற்கு என்ன பொருள் குறைகிறது, இந்த மூன்று மட்டும். எழுதி முடித்துச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எந்த வேலையும் தையலின் நடுவில் நிற்கவில்லை. நாலு வேலைகள் குவில்ட்டின் மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்குப் போட வேண்டிய இடத்தில் நின்றிருந்தன. மூன்று, ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் ஓரப்பட்டையை வைக்கிற இடத்தில். இரண்டு, காஜாவில். ஒன்று அளவு சரியில்லாததால் நின்றது, இன்னொன்று, அம்மாவின் போர்வை, வெட்டவே ஆரம்பிக்காதது. அதாவது, வேலையின் வகை மாறுகிற இடத்தில் எல்லாம் நான் நின்றிருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்து மளமளவென்று ஓட்டிக்கொண்டிருப்பவளுக்கு, எழுந்து தரையைக் காலி செய்து துணியை விரிக்க வேண்டும் என்று வந்தவுடன் கை ஓயவில்லை, ஆனால் வேலை ஓய்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அது இல்லை. அடுத்த படிக்கு எதுவும் தயாராக இல்லாததுதான் காரணம்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தை முடித்த சூட்டோடு எழுந்துவிடுவதில்லை, அடுத்த கட்டத்தின் முதல் வேலையைச் செய்துவிட்டுத்தான் எழுகிறேன். மேல்துணி இணைத்து முடிந்ததா, அன்றைக்கே அடித்துணியை இஸ்திரி போட்டு மடித்து அதோடு வைத்துவிடுவேன். மறுநாள் கால் மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அடுத்த தையலைக் குண்டூசி குத்தி மெஷின் ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அடியிலேயே வைத்துவிட்டுப் போவேன். உட்கார்ந்தவுடன் மிதிக்கலாம். யோசிக்க வேண்டியதே இல்லை.

சரி, அடுக்குப் போடும் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நிறைய பேருக்கு வேலை நிற்பது அங்கேதான். குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்கு. இந்த மூன்றும் தைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் இருக்க, முதலில் தற்காலிகமாகப் பிடித்து வைக்க வேண்டும். முதல் குவில்ட்டில் நான் அவசரப்பட்டு ஒரு சாண் இடைவெளியில் ஊக்குக் குத்தினேன். ஆறு வரி தைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் சுருக்கம் சுருக்கமாக மடிந்து தையலுக்குள் மாட்டியிருந்தது. ஆறு வரியையும் பிரிக்க இரண்டு நாள் ஆனது.

இப்போது செய்வது இப்படி. அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு ஓரத்தின் நடுவிலும் டேப் ஒட்டி, பிறகு மூலைகளை ஒட்ட வேண்டும். துணி சுருக்கமில்லாமல் நிற்க வேண்டும், அதே சமயம் விறைப்பாக இழுபடக் கூடாது, இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்தவுடன் துணி சுருங்கி மேலே எல்லாம் உப்பிக்கொள்ளும். அதன்மேல் பஞ்சை விரித்து உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவித் தடவி விட வேண்டும். கடைசியாக மேல்துணி. ஊக்கு நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும், 4 அங்குலத்துக்கு ஒன்று. கை மூடி ஒரு முஷ்டி வைத்தால் எந்தப் பக்கமும் ஒரு ஊக்காவது தொட வேண்டும் என்பது என் கணக்கு. எல்லா ஊக்கையும் குத்தி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக மூட வேண்டும், குத்தக் குத்த மூடினால் துணி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தையல் ஓடப்போகிற கோட்டின் மேல் மட்டும் குத்தாதீர்கள். முழங்கால் வலிக்கும் என்பவர்கள் மேஜையில் பகுதி பகுதியாகச் செய்யலாம், நடுப்பகுதியை முடித்துவிட்டு நகர்த்தி அடுத்ததை விரிக்கலாம். இந்த வேலைக்கு நான் தனியாக உட்காருவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிப்பார், பையன் ஊக்கை ஒவ்வொன்றாகத் திறந்து கொடுப்பான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆள் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலை இது.

அடுக்கு நன்றாக அமைந்துவிட்டால் தைப்பது சுலபம். நேர்க்கோடுகளே போதும். வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அது மேல் அடுக்கையும் கீழ் அடுக்கோடு சேர்த்து நகர்த்தும். தையலின் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 90/14. நடுவில் ஒரு கோடு, பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி. எத்தனை அங்குலத்துக்கு ஒரு கோடு ஓட வேண்டும் என்பது பஞ்சைப் பொறுத்தது, உறையின் மேலேயே போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குவில்ட்டின் எடை மேஜையை விட்டுக் கீழே தொங்கினால் ஊசியை இழுத்து வளைக்கும், கோடும் கோணலாகும். ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு எடையை அதன்மேல் ஏற்றிவிடுங்கள்.

அக்கா மகளின் குவில்ட்டுக்குத் திரும்புகிறேன். அது ஆரம்பத்தில் 36 அங்குலச் சதுரம். கைக்குழந்தைக்கு அது தாராளம் (ஒரு வயது ஆகாத குழந்தை தூங்குமிடத்தில் குவில்ட், தலையணை போன்ற எதையும் போடக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, அதனால் கைக்குழந்தைக்குத் தைப்பது தரையில் விரித்துப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டத்தான்). நாலு வயதுப் பிள்ளைக்கு அது பத்தாது. நல்லவேளை, மேல்துணியோடு நின்றிருந்ததால் நாலு பக்கமும் 8 அங்குலக் கரை சேர்த்து 52 அங்குலமாக்கினேன். கரை வைக்கும்போது ஒரு விஷயம். நீளமாக ஒரு பட்டையை வெட்டி ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை நறுக்கிவிடுவது கைக்கு வசதி, ஆனால் ஓரம் கொஞ்சம் இழுபட்டிருந்தால் கரை அலை அலையாக நிற்கும். குவில்ட்டின் நடுவில் குறுக்காக அளந்து, அந்த அளவுக்கே பட்டையை வெட்டி, இரண்டு நுனியையும் நடுவையும் முதலில் குத்திவிட்டுத் தைத்தால் தட்டையாகப் படுக்கும்.

அந்தக் கரைக்கு நான் எடுத்தது வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி. மற்ற துணிகளை எல்லாம் நாலு வருஷம் முன்பே அலசி வைத்திருந்தேன், இதை அலசவில்லை. பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால் முடித்து, முதல் அலசலுக்குப் போட்டு எடுத்தபோது வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தன. அந்த நிமிஷம் நான் அழுதுவிட்டேன். ஆனால் காயவைக்கவில்லை, அதுதான் காப்பாற்றியது. சாயம் இறங்கிய துணியைக் காயவிடக் கூடாது, இஸ்திரி கண்டிப்பாகப் போடக் கூடாது, சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், சலவைத் திரவம், குவில்ட் முழுக்க மூழ்கி மிதக்க இடம். ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறவைத்து, நாலாவது தண்ணீர் தெளிவாக வந்தது. வெள்ளை திரும்ப வந்தது, ஒரு மூலையில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிற சாயல் இருக்கிறது. உப்பு போடு, வினிகர் போடு என்று சொல்வார்கள், கடையில் சாயம் ஏற்றி வந்த பருத்தித் துணியின் தங்காத சாயத்தை அவை பிடித்து நிறுத்தாது. வெட்டுவதற்கு முன்னால் சோதித்துவிடுவதுதான் வழி. வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்து, அழுத்தமான நிறத் துணியின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள்.

ஓரப்பட்டை வேலைக்கு இப்போது நான் பயப்படுவதில்லை, ஏனென்றால் அதைக் கடைசியில் செய்வதில்லை. மேல்துணிக்கு வெட்டும் அன்றைக்கே பட்டையையும் வெட்டி, இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, காலியான நூல்கண்டு அட்டையில் சுற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். அந்தச் சுருள் பையில் இருப்பதைப் பார்த்தாலே வேலை முடியப்போகிறது என்று தோன்றும். கணக்கு கஷ்டமில்லை. 52 அங்குலச் சதுரத்துக்குச் சுற்றளவு 208, மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 220 அங்குலம். துணியின் பயன்படும் அகலம் 42 என்றால் 6 பட்டை வேண்டும், பட்டை ஒன்று 2½ அங்குலம், ஆக 15 அங்குலத் துணி. நேரான ஓரத்துக்கு நேர்ப்பட்டையே போதும், கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டுவது வளைந்த ஓரத்துக்குத்தான் தேவை. பட்டைகளைக் குறுக்குச் சாய்வாக இணைத்தால் இணைப்பு ஒரே இடத்தில் தடித்து நிற்காது.

மூலைதான் எல்லோரும் கேட்பது. பட்டையை ஓரத்தின் நடுவில் ஆரம்பித்து, நுனியில் 10 அங்குலம் தைக்காமல் விட்டுக்கொண்டு, கால் அங்குலத் தையலில் போங்கள். மூலை வர இன்னும் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்திப் பின்தையல் போட்டு வெளியே எடுங்கள். இப்போது குவில்ட்டைத் திருப்பி, பட்டையை நேர் மேலே மடியுங்கள், மூலையில் 45 டிகிரிச் சாய்வு ஒன்று தானாக விழும். அந்தச் சாய்வைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பட்டையைக் கீழே இறக்குங்கள், மடிப்பு மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும், பக்க ஓரத்தோடு பட்டை ஒட்டி ஓட வேண்டும். மேல் ஓரத்திலிருந்து மறுபடி தையல். கட்டைவிரலை எடுக்காமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்தால் உள்ளே இருக்கும் சாய்வு நழுவி மூலை மழுங்கிவிடும். பின்பக்கம் திருப்பிக் கை ஊசியால் மறைதையல் போடும்போது அந்த மூலை கூராக மடிந்து உட்காருவதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்றுவரை குறையவில்லை. கைத்தையலுக்கு முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள், சிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் என்று நாலு சாயங்காலத்தில் முடித்தேன்.

குவில்ட்டைக் கையில் கொடுத்தபோது அவள் “சித்தி, இது எனக்கேவா?” என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு அதில் ரொம்பப் பிடித்தது பின்பக்கம் தைத்திருந்த அவள் பெயர். பெயரையும் வருஷத்தையும் அடித்துணியின் மூலையில், அடுக்குப் போடுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

துணிமணி வேலைகளைப் பற்றிச் சுருக்கமாக. பையனின் கால்சட்டை முடிந்தபோது கணுக்காலுக்கு மேலே நின்றது, ஏனென்றால் ஏழு மாதம் பழைய அளவை நம்பியிருந்தேன். வளரும் பிள்ளைக்கு அடியில் 3 அங்குலம் மடிப்புக்கு விட்டுவிட்டு, கடைசித் தையலுக்கு முன்னால் போட்டுப் பார்த்துத்தான் இப்போது மடிக்கிறேன். இடுப்பு எலாஸ்டிக்கையும் அப்படியே, ஊக்குக் குத்திப் போட்டுப் பார்த்த பிறகு தைக்கிறேன். கிராஸாக வெட்டிய பாவாடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகே ஓரம் மடிக்க வேண்டும், துணி தன் எடையிலேயே அங்கங்கே இறங்கும். காஜா பற்றிய பயம் ஒரு துண்டுத்துணியில் போய்விட்டது. சட்டையில் எத்தனை அடுக்கோ, உள்ளே கேன்வாஸ் (விறைப்புக்கு வைக்கும் துணி) உண்டா, அதே மாதிரி ஒரு துண்டைத் தயார் செய்து அதில் மூன்று காஜா போட்டுப் பார்த்தேன். நீளம், பட்டனின் குறுக்களவோடு அதன் தடிமனும் சேர்ந்தது. வெட்டித் திறக்கும்போது காஜாவின் கோடியில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிட்டால் தையல் பிரிக்கும் கருவி அந்த முனையைத் தாண்டி அறுக்காது. இரண்டு சட்டையும் ஒரே மத்தியானத்தில் முடிந்தன. ஒன்றரை வருஷம் காத்திருந்த சட்டைகள்.

பதினொன்றில் இரண்டை நான் முடிக்கவில்லை. ஒன்றின் நிறங்கள் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டன, கைத்தையலில் ஆர்வமுள்ள தோழிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் அழகாக முடித்தாள். இன்னொன்றைப் பிரித்துப் பைகளாகத் தைத்தேன். பிரிப்பதும் கொடுப்பதும் முடிப்பதுதான், அலமாரியில் இடம் பிறக்கிறது, மனசிலும்தான்.

கடைசியாகத் தொட்டது அம்மாவின் போர்வை. அப்பா போன பிறகு அவருடைய 14 சட்டைகளை அம்மா மடித்து என் கையில் கொடுத்தார். மூன்று வருஷம் கத்தரிக்கோல் வைக்க மனசு வரவில்லை. வெட்டிவிட்டால் சட்டை சட்டையாக இருக்காதே என்ற நினைப்பு. அம்மாவிடமே போய்க் கேட்டேன், “எந்தச் சட்டையை முதலில் வெட்டட்டும்?” என்று. காலர் கிழிந்த நீலக் கட்டம் போட்டதை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் அன்றைக்கு வெட்டினேன். பக்கத் தையல்களோடு வெட்டிப் பிரித்தால் முதுகுப் பகுதியிலிருந்து பெரிய துண்டு கிடைக்கும். சட்டைக்கு நாலு கட்டம், ஒவ்வொன்றும் 6½ அங்குலம், மொத்தம் 56 கட்டங்கள். வரிசைக்கு 7, 8 வரிசை. தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போக, தைத்து முடிந்தால் 42க்கு 48, உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்ளச் சரியான அளவு. நான் அகலமாகத்தான் யோசித்திருந்தேன், கால் தடுக்கும் வேண்டாம் என்று அம்மாதான் சொன்னார். கேட்டது நல்லதாகப் போயிற்று. சட்டைகள் ஒரே கனத்தில் இருக்காது, மெல்லியதாகத் தேய்ந்துபோனவற்றுக்குப் பின்னால் மெல்லிய ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டினேன். கட்டம் வெட்டிய பிறகு ஒட்டக் கூடாது, ஒட்டிவிட்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் அளவு மாறாது. டி-ஷர்ட் துணி என்றால் இது கட்டாயம்.

முதல் வரிசையை இணைத்து அளந்தேன். 42½ வர வேண்டியது 41¾ தான் இருந்தது. ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு ஒரு நூலிழை, 1/16 அங்குலம், கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். ஆறு தையலில் அது முக்கால் அங்குலம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எந்த வேலையையும் சோதனை இல்லாமல் ஆரம்பிப்பதில்லை. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. குறைந்தால் தையலை நூலிழை வெளியே தள்ளுங்கள், சரிவந்த இடத்தில் மெஷின் தட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டிவிடுங்கள், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டு போகட்டும். இஸ்திரியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துவதும் இதில் சேர்த்தி, தேய்த்தால் கட்டம் கோணும்.

மூன்று கட்டங்களில் சட்டைப் பாக்கெட்டை அப்படியே விட்டேன். மெஷினில் கோடு ஓட்டும்போது பாக்கெட்டின் வாயைத் தைத்துவிடாமல் சுற்றிப் போக வேண்டியிருந்தது, அந்த மூன்று கட்டத்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். அம்மா இப்போது வலப்பக்கப் பாக்கெட்டில்தான் கண்ணாடியை வைக்கிறார். அப்பாவும் அங்கேதான் வைப்பார்.

போன வாரம் அந்த நீலக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு அங்குலம் தையல் விட்டிருந்தது. பழைய துணி, அப்படித்தான் விடும், இரண்டு மடிப்பிலும் மாறி மாறிச் சின்னச் சின்னதாக எடுத்து நூலை இழுத்தால் தையல் உள்ளே மறைந்துகொள்ளும். கொடும்மா, எடுத்துப்போய்த் தைத்துத் தருகிறேன் என்றேன். அம்மா மடியிலிருந்து எடுக்க விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கால்மேலேயே வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.